ஹோக்ஸ்பரிச் சந்தியின் படகுத் தம்பதியர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஓடும் ஒக்ஸ்போர்ட் கால்வாயில், 1959ஆம் ஆண்டு, ஜோ ஸ்கின்னர் என்னும் முதியவரும் அவர் மனைவி ரோஸும் சரக்கேற்றும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றனர். ஓய்வு பெறுவோர் தொழிற்களத்தை விட்டு வீடு திரும்புவது உலக வழக்கம். இத்தம்பதியருக்கோ தொழிற்களமும் வீடும் ஒன்றேயாக இருந்தன. ஏறக்குறைய 70 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்ட மரப்படகு ஒன்றிலேயே அவர்கள் உழைத்தார்கள். அதிலேயே சமைத்து உண்டு உறங்கினார்கள். நட்பு எனப் பொருள்படும் ‘பிரென்ட்ஷிப்’ என்பது அப்படகின் பெயர். அதனை இழுத்தது டொலி என்னும் கோவேறு கழுதை. இயந்திரம் பூட்டாது, விலங்கு இழுக்கும் சொந்தப் படகைக் கொண்டு அக்கால்வாயிற் பிழைத்தவர்களுள் ஜோ ஸ்கின்னரே கடைசியானவர். தொழில் நின்றது, படகு விற்கப்படவில்லை. கொவென்ட்ரி நகரை அடுத்த ஹோக்ஸ்பரி என்னும் கால்வாய்ச் சந்தியில் அது கட்டப்பட்டு நின்றது.

இத்தகைய வாழ்க்கை எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய, இரண்டு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1761ஆம் ஆண்டில் பிரிட்ஜ்வோட்டர் கோமகனின் கால்வாய் வழியே மான்செஸ்டருக்கு நிலக்கரி வரத் தொடங்கியதும் அங்கே அதன் விலை பாதியாகக் குறைந்தது என்பர். சேறு நிறைந்த தெருக்களில் வண்டிக் குதிரை ஒன்று அரும்பாடுபட்டு இழுக்கும் பாரத்தைப் போலப் பன்மடங்கு பாரத்தை அதே குதிரை நீரில் இலகுவாக இழுத்துவிடும் என்பதைக் கண்டபின் செல்வர்கள் வாளாவிருப்பரோ? அக்கால்வாயை அமைத்த ஜேம்ஸ் பிரின்ட்லி, நாட்டின் நான்கு பெரிய ஆறுகளையும் கால்வாய்களால் இணைக்கத் திட்டமிட்டார். 1768இல் கொவென்ட்ரி கால்வாய்க்கும் 1769இல் ஒக்ஸ்போர்ட் கால்வாய்க்கும் பாராளுமன்றம் அனுமதி அளித்தது. பிரின்ட்லி 1772இல் மறைந்தார். ஒக்ஸ்போர்ட் நகரைக் கால்வாய் எட்டியது 1790ஆம் ஆண்டின் முதல் நாளிலேயாகும்.

பிரின்ட்லி மேட்டைக் குடைவதிலும் பள்ளத்தைத் தூர்ப்பதிலும் விருப்பங் கொண்டவரல்லர். நிலமட்டம் எவ்வழி வளைந்து சென்றதோ அவ்வழியே கால்வாயும் வளைந்தது. ஒக்ஸ்போர்ட் கால்வாயின் உச்சிப் பகுதியில், நேராகச் சென்றால் 5 மைலுக்கும் குறைவான தூரத்தை நீர் 11 மைலாகச் சுற்றிக் கடக்கிறது. வட பகுதியிலிருந்த வளைவுகள் 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெட்டி நேராக்கப்பட்டபோது, மொத்த வழியில் ஏறக்குறைய 14 மைல் குறைந்தது. செலவைக் கருதி, ‘லொக்’ எனப்படும் மதகுத் தொட்டிகளை 7 அடி அகலத்திலேயே கட்டினார்கள். இருபுறமும் கதவு வைத்து, நீரை நிரப்பியும் வடித்தும் படகை மேலேற்றிக் கீழிறக்கும் தொட்டிகள் அவை. தொட்டிக்கேற்பவே படகும் ஒடுங்கியது. படகுக்கேற்ப அதில் வாழ்ந்த குடும்பமும் தன் வாழ்வை ஒடுக்கிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் ஒரு கணக்குப் பிள்ளை மிச்சம் பிடித்த செங்கல்லின் விலையை, 20ஆம் நூற்றாண்டில் ரோஸ் ஸ்கின்னர் போன்ற பெண்கள் தம் அடுக்களையின் அகலத்திற் செலுத்தினார்கள் எனலாம்.

தொடக்கத்திற் படகோட்டிகளின் குடும்பங்கள் கரையில் வீடு வைத்தே வாழ்ந்தன. 1830களிலும் 1840களிலும் புகையிரதம் வந்தது. போட்டியினால் கால்வாய்க் கூலி வீழ்ந்தது. கூலியாளை நிறுத்திவிட்டு மனைவியையும் மக்களையும் படகோட்டி தன்னுடன் ஏற்றிக்கொண்டான். வீட்டு வாடகையும் மிச்சமாயிற்று. வறுமையினால் நேர்ந்த இவ்வேற்பாடு சில தலைமுறைகளில் ஒரு தனிக்குலத்தின் வாழ்க்கை முறையாக வேரூன்றிவிட்டது.

படகின் முன்புறம் முழுவதும் சரக்குக்கே உரியது. ஏறக்குறைய 25 தொன் நிலக்கரி அதிற் கொள்ளும். குடும்பத்துக்கு எஞ்சியது பின்புறத்தில் 10 அடிக்கும் குறைந்த நீளமுடைய ஓர் அறை. நுழைந்தவுடன் பக்கத்தில் இரும்பு அடுப்பு. அதனையடுத்து ஒரு சுவரலமாரி. அலமாரியின் கதவைக் கீழே சாய்த்தால் அதுவே மேசை. அறையின் கடைசியில் மற்றோர் அலமாரிக் கதவை இறக்கினால், குறுக்கே கட்டில் தோன்றும். பகலில் கட்டிலும் மேசையும் இருந்த இடம் தெரியாது. இத்துணைச் சிறிய இடத்தில், ஓரத்தில் துளையிட்டு நாடா கோத்த அலங்காரத் தட்டுகள், துலக்கிய பித்தளைக் குமிழ்கள், கையாற் பின்னிய வெண்ணூற் திரைகள், ரோஜா மலர்களும் கோட்டைகளும் தீட்டிய நீர்க்குவளைகள் ஆகியவை வரிசையாகக் காட்சியளிக்கும். நிலக்கரித் தூசியின் நடுவே இவ்வளவு துப்புரவைப் பேணிய பெண்ணின் உழைப்பு எந்தக் கம்பனியின் கணக்கேட்டிலும் ஏறவில்லை. கணவன் விலங்கை நடத்திச் செல்ல, சுக்கான் பிடிப்பவளும் பெரும்பாலும் அவளே.

கரையிலிருந்தோர் இம்மக்களை ஐயத்துடன் நோக்கினர். கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜோர்ஜ் சிமித் என்னும் சீர்திருத்தவாதி, படகுப் பிள்ளைகளின் கல்வியின்மையையும் அறைகளின் நெருக்கடியையும் எடுத்துக் கூறி இடையறாது போராடினார். அதன் பயனாக 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் நிறைவேறின. ஒவ்வொரு படகும் ஓர் ஊரிற் பதியப்படவேண்டும். அறையில் இத்தனை பேரே உறங்கலாம். பிள்ளைகள் பதிந்த ஊரின் பாடசாலைக்கு உரியவர் எனச் சட்டம் கூறிற்று. சிமித்தின் நோக்கம் நல்லதே. ஆயினும் அவர் தீட்டிய சித்திரம் இம்மக்களைக் குடியரும் காட்டுமிராண்டிகளுமாக மிகைப்படுத்திவிட்டது. இன்றைக்கு ஓரூர், நாளைக்கு வேறோர் ஊர் எனச் செல்லும் பிள்ளைக்கு எந்தப் பாடசாலையில் இடாப்பு நிலைக்கும்? அக்கேள்விக்குச் சட்டம் விடை தரவில்லை. எழுத்தறியாது வளர்ந்த படகோட்டிகள் 20ஆம் நூற்றாண்டிலும் பலராயிருந்தனர்.

ஆகவே, இம்மக்களுக்கு ஊரும் சந்தையும் உறவுமாக அமைந்தவை கால்வாய்ச் சந்திகளே. அவற்றுள் ஹோக்ஸ்பரி தலைசிறந்தது. இரண்டு கால்வாய்க் கம்பனிகளும் வரிப் பணத்தைப் பற்றிப் பிணங்கியமையால், இரு கால்வாய்களும் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் அருகருகே ஓடின! 1803ஆம் ஆண்டிலேயே ஹோக்ஸ்பரியில் அவை இணைக்கப்பட்டன. அப்போதும் ஒருவர் நீர் மற்றவர்க்குப் போய்விடலாகாது என்று, சில அங்குலமே நீர்மட்டம் வேறுபடும் இடத்தில் ஒரு மதகுத் தொட்டியைக் கட்டினார்கள். சட்டன் என்னும் குடும்பத்தார் வழிவழியாக அம்மதகைக் காத்தமையால், படகு மக்கள் அவ்விடத்தைச் ‘சட்டன் ஸ்டொப்’ என்றே அழைத்தனர். 1837இல் எழுந்த வார்ப்பிரும்புப் பாலத்தின் கீழ், 70 அடிப் படகு முற்றாகத் திரும்பி எதிர்த்திசை நோக்க வேண்டும். கரையில் ‘கிரேஹவுண்ட்’ தவறணை இருந்தமையால், திருப்பத் தெரியாதவன் நகைப்புக்கு ஆளாகாமற் தப்புவது அரிது.

வாரிக்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஏற்றுமதிக் கட்டளை வரும்வரை படகுகள் இங்கே வரிசையாகக் காத்து நிற்கும். காத்திருக்கும் நாளுக்குக் கூலி இல்லை. ஆனால் உறவு வளர்ந்தது அந்நாட்களிலேதான். பெண்கள் இழுபாதையிலே துணி துவைத்துக் காயவிட்டு, பின்னல் வேலையுடன் உரையாடுவர். ஆடவர் தவறணையிற் கூடுவர். எவர் வீட்டில் மகப்பேறு, எவர் காலமானார், எங்கே மதகு பழுது என்பன படகிலிருந்து படகுக்குப் பரவும். கடிதம் படிக்கத் தெரியாத சமூகத்துக்கு இச்சந்தியே அஞ்சலகம். திருமணப் பேச்சுகளும் இங்கேயே முளைத்தன. படகிற் பிறந்தவளே படகு வாழ்வுக்குத் தகுந்தவள் என்பது அம்மக்களின் துணிபு. கரையிலிருந்து பெண் கொண்டவர் அரியர்.

ஜோ ஸ்கின்னர் இச்சமூகத்திலும் ஒரு தனி வகுப்பைச் சேர்ந்தவர். கம்பனிப் படகிற் கூலிக்கு உழைக்காது, சொந்தப் படகு வைத்திருப்போரை ‘நம்பர் ஒன்’ என்று அழைப்பர். படகில் தம் பெயரையே தீட்டிக்கொள்ளும் உரிமை அவர்களுக்குண்டு. ‘பிரென்ட்ஷிப்’ 1920களின் நடுவில் ஹோக்ஸ்பரியிலேயே கட்டப்பட்டது. அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேலாக, சுரங்கத்திலிருந்து நிலக்கரியைத் தெற்கே கொண்டுசெல்வதும் வெறும் படகுடன் திரும்புவதுமே அத்தம்பதியரின் வாழ்வு. இயந்திரப் படகுகள் பெருகிய காலத்திலும், மணிக்கு 3 மைலுக்கு மேற்படாத கோவேறு கழுதையின் நடையையே ஜோ கைக்கொண்டார்.

இதே கால்வாயின் பான்பரி என்னும் சிற்றூரிலுள்ள டூலி படகுத்துறையிலிருந்து, 1939ஆம் ஆண்டுக் கோடையில், டொம் ரோல்ட் என்னும் பொறியியலாளர் தம் மனைவி ஏஞ்சலாவுடன் ‘கிரெசி’ என்ற படகிற் புறப்பட்டார். அவர்கள் சரக்கேற்றவில்லை, நீர்மேல் வாழ விரும்பியே சென்றார்கள். அப்பயணத்தைப் பற்றி ரோல்ட் எழுதிய ‘நரோ போட்’ என்னும் நூல் 1944இல் வெளிவந்து, அழியும் தறுவாயிலிருந்த கால்வாய்களை மக்கள் நினைவிற்குக் கொணர்ந்தது. அந்நூலைப் படித்த ரொபர்ட் எய்க்மன் என்பவர் ரோல்டுடன் கூடி 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தை நிறுவினார். 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மார்க்கெட் ஹார்பரோ என்னும் சிறு பட்டினத்தில் அச்சங்கம் நடத்திய படகு விழாவுக்கு 100க்கு மேற்பட்ட படகுகள் வந்தன. சந்தைப் பட்டினத்தார், நெடுங்காலம் மறந்திருந்த தம் துறைமுகத்தைத் திரள் திரளாகச் சென்று பார்த்தார்கள்.

ஆனால் நண்பர் இருவருக்குமிடையே அப்போதே பிளவு தோன்றிவிட்டது. எல்லாக் கால்வாய்களையும் காக்கவேண்டும் என்றார் எய்க்மன். தொழில் செய்யும் படகு மக்கள் இன்னும் இருக்கும் கால்வாய்களையும், அவர்தம் பிழைப்பையும் முதலிற் காக்கவேண்டும் என்றார் ரோல்ட். மறு ஆண்டு ரோல்ட் சங்கத்தினின்றும் விலக நேர்ந்தது. பின் நிகழ்ந்தவற்றை நோக்கின், நீரைப் பொறுத்தவரை எய்க்மன் சொன்னது பலித்தது. மக்களைப் பொறுத்தவரை ரோல்ட் அஞ்சியதே நடந்தது.

1948இல் தேசிய உடைமையாக்கப்பட்ட கால்வாய்களுக்கு அரசு ஆழமும் கொடுக்கவில்லை, சரக்கும் தேடவில்லை. பாரவண்டிகள் நெடுஞ்சாலையில் விரைந்தன. 1962ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பெருங்குளிரிற் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. பனி உருகுமுன் வாடிக்கையாளர் வேறு வழி தேடிக்கொண்டனர். 1963இல் அரசுச் சபை தன் ஒடுங்கிய படகுகளின் சரக்குத் தொழிலைப் பெரும்பாலும் கைவிட்டது. அதர்ஸ்டனிலிருந்து லண்டன் அருகிலுள்ள பழப்பாகுத் தொழிற்சாலை ஒன்றுக்கு நிலக்கரி கொண்டுசென்ற படகுகள் ஹோக்ஸ்பரியைக் கடந்தே சென்றன. அவையும் 1970 ஒக்டோபரில் நின்றன. படகறையிற் பிறந்தவர்கள் நகராட்சி வீடுகளில் குடியேறினார்கள். படிக்கட்டு ஏறிப் பழகாத கால்களுக்கு மாடிவீடு கிடைத்தது.

கால்வாயோ பிழைத்துக்கொண்டது. போக்குவரத்து அமைச்சராயிருந்த பாபரா காசில் அம்மையார் கொணர்ந்த 1968ஆம் ஆண்டுச் சட்டம், உல்லாசப் பயணத்துக்குரிய நீர்வழிகள் என ஒரு வகுப்பை ஏற்படுத்தி, அவற்றைப் பேணும் கடமையை அரசின்மேற் சுமத்தியது. மூடப்படும் அச்சத்திலிருந்த ஒக்ஸ்போர்ட் கால்வாயின் தென்பகுதியும் அவ்வகுப்பிற் சேர்ந்தது. இன்று அக்கால்வாய்களைப் பேணுவது 2012இல் அமைந்த ஓர் அறக்கட்டளை. உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற தம்பதியர் பலர், நகரத்து வீட்டை விற்று, அதே 7 அடி அகலத்தில் இரும்புப் படகு வாங்கிக் கால்வாயிற் குடியிருக்கின்றனர். சரக்கிருந்த இடம் முழுவதும் அவர்களுக்கு அறைகளாகிவிட்டது. நிலையான துறை இல்லாதவர் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு நாள் காத்திருந்தாற் கூலி போய்விடும் என அஞ்சியவர்களின் கால்வாயில் இப்படியும் ஒரு சட்டம்! பிரவுன்ஸ்டன் என்னும் கால்வாய் ஊரில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்திற் பழைய சரக்குப் படகுகள் அணிவகுக்கும். குன்றின்மேல் நிற்கும் அவ்வூர்த் தேவாலயத்தின் முற்றத்திற் படகுக் குடும்பத்தார் பலரின் கல்லறைகள் உள்ளன.

ஹோக்ஸ்பரியிற் ‘பிரென்ட்ஷிப்’ கட்டப்பட்டு நின்ற ஆண்டுகளில் இம்மாற்றமனைத்தும் அதனைச் சூழவே நிகழ்ந்தது. கால்வாய்க்கு நீர் இறைத்த பழைய நியூகொமன் நீராவிப் பொறியை, அதனைக் கண்டுபிடித்தவரின் பிறப்பூராகிய டார்ட்மத்துக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். பொறிமனை வெறுமையாய் நின்றது. கட்டளைக்குக் காத்திருந்த நிலக்கரிப் படகுகளின் வரிசை ஆண்டுக்காண்டு குறுகியது. விடுமுறைப் படகுகள் இரும்புப் பாலத்தின் கீழ்த் திரும்பப் பழகின. ஜோ ஸ்கின்னர் 1975இற் காலமானார். எல்ஸ்மியர் போர்ட் என்னும் இடத்தில் 1976இல் திறக்கப்பட்ட படகு அருங்காட்சியகத்தில் ‘பிரென்ட்ஷிப்’ இடம்பெற்றது. அதன் பின்புறத்தில், கணவனும் மனைவியும் வாழ்நாளைக் கழித்த அச்சிற்றறை இருக்கிறது. ஒருவர் வழிவிட்டாலன்றி மற்றவர் அடுப்பருகே செல்ல இயலாது.