டவுன் என்ற கிராமம்

பெயர்தான் டவுன், ஊர் கிராமம். குன்றைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. லண்டன் சேரிங் கிராஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 14 மைல் தொலைவில், சுண்ணாம்பு மேட்டின் மேல், குறுகலான தெருக்களும் சிக்கிமுக்கிக் கல் சுவர்களுமாக ஊர் ஒடுங்கிக் கிடக்கிறது. 1965இல் பெருநகர லண்டன் உருவானபோது கென்ட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு புரோம்லி நகராட்சிக்குள் வந்தது. அதே வேகத்தில் லண்டனுக்குள் இழுக்கப்பட்ட பக்கத்து ஊரான நாக்ஹோல்ட் 1969இல் கென்ட்டுக்கே திரும்பிவிட்டது. டவுன் தங்கிவிட்டது. ஊருக்கு ரயில் கிடையாது. புரோம்லியிலிருந்து 146, ஆர்பிங்டனிலிருந்து ஆர்8 என்று இரண்டு பஸ்கள். கடைசி சில மைல்களில் ஜன்னலுக்கு வெளியே வயலும் வேலியும் மட்டுமே தெரியும்.

அயர்லாந்தில் டவுன் என்றே ஒரு மாவட்டம் இருப்பதால் கடிதங்கள் குழம்பக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்தில் கடைசியாக ஒரு ‘இ’ சேர்த்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த ஒரு வீட்டுக்காரர் மட்டும் அதை ஏற்கவில்லை. அதனால் இன்றும் ஊருக்கு ஓர் எழுத்து கூடுதல், டவுன் ஹவுஸ் என்ற அந்த வீட்டுக்கு ஓர் எழுத்து குறைவு. வீட்டுக்காரர் சார்லஸ் டார்வின்.

லண்டன் புகையும் சந்தடியும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல், 1842 செப்டம்பரில் மனைவி எம்மாவோடும் குழந்தைகளோடும் டார்வின் இங்கே குடிவந்தார். வீடு பார்க்க லட்சணமில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வழிப்போக்கர் பார்வை உள்ளே விழாதபடி, வீட்டை ஒட்டிய பாதையைத் தோண்டித் தாழ்த்தினார். பிறகு 40 ஆண்டுகள், 1882 ஏப்ரல் 19இல் இறக்கும்வரை, இதுவே அவருக்கு வீடும் ஆய்வுக்கூடமும். 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ எழுதப்பட்ட படிப்பறை இன்றும் இருக்கிறது.

ஆனால் இங்கே வருபவர்கள் அறைகளைவிடத் தோட்டத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மூன்றடிக்கு இரண்டடி நிலத்தைக் கொத்திச் சுத்தமாக்கி, அதில் தானாக முளைத்த ஒவ்வொரு களையையும் டார்வின் எண்ணினார். முளைத்தவை 357, பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளுக்கும் பூச்சிகளுக்கும் இரையாகி அழிந்தவை 295. வாழ்க்கைப் போராட்டம் என்று அவர் எழுதியதற்கு ஆதாரங்களில் ஒன்று, ஒரு பாய் விரிக்கும் அளவுகூட இல்லாத இந்தத் துண்டு நிலம். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க மகனை பசூன் குழல் ஊதச் சொன்னார், புழுக்கள் அசையவில்லை. அவை இருந்த தொட்டியைப் பியானோ மேல் வைத்து வாசித்தபோது, அதிர்வு பட்டு உடனே வளைக்குள் நுழைந்துகொண்டன. 1881இல் வந்த அவருடைய கடைசி நூல் மண்புழுவைப் பற்றியதுதான்.

தோட்டத்தின் கோடியில் இருக்கிறது மணற்பாதை. 1846இல் பக்கத்துப் பண்ணைக்காரரான லப்பக் குடும்பத்திடம் குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கரில் மரங்கள் நட்டு, சுற்றிவர நடைபாதை போட்டார். தினமும் நடை. பாதைத் தொடக்கத்தில் சிக்கிமுக்கிக் கற்களை அடுக்கிவைத்து, சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தள்ளிக் கணக்கு வைப்பார். சிக்கலான யோசனைக்குக் கற்கள் அதிகம்.

1929இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்த வீட்டை 1996 முதல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு நிர்வகிக்கிறது. கட்டணம் தராமலே பார்க்கக்கூடியவையும் உண்டு. ஊருக்கு அருகே சரிவில் இருக்கும் டவுன் பேங்க் என்ற சிறு இயற்கைக் காப்பிடத்தை டார்வின் குடும்பம் ஆர்க்கிட் கரை என்று அழைத்தது. 1862இல் ஆர்க்கிட் மகரந்தச் சேர்க்கை பற்றி அவர் எழுதிய நூலுக்கு இந்தச் சரிவின் பூக்களும் உதவின. கோடையின் தொடக்கமே அவை பூக்கும் பருவம். ஊர் நடுவில் புனித மேரி தேவாலயம். எம்மா இங்கேதான் அடக்கம். டார்வினையும் இங்கேயே புதைக்க ஊர் எதிர்பார்த்திருந்தது. நாடு அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

டார்வின் குடிவந்தபோது லப்பக் வீட்டுப் பையன் ஜானுக்கு எட்டு வயது. பெரிய நற்செய்தி ஒன்று இருக்கிறது என்று தந்தை சொன்னதும், தனக்குக் குட்டிக் குதிரை வரப்போகிறது என்று நினைத்தான்; வந்தது டார்வின். ஏமாந்த பையன் பிறகு அவருக்குச் சீடனாகவே ஆனான். டவுன் போகிற பலர் டார்வினோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அன்றாட வாழ்க்கையில் நமக்கு நெருக்கமானவர் இந்த ஜான் லப்பக்தான். பள்ளிப் பாடநூலில் பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று படிக்கிறோமே, அந்தப் பாகுபாட்டுக்கு ஆங்கிலப் பெயர்களை 1865இல் தந்தவர் அவர். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1863இல், சென்னைப் பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவி பின்னர் பழைய கற்காலம் என்ற பெயருக்குள்தான் அடங்கியது.

வங்கியாளரான லப்பக் நாடாளுமன்ற உறுப்பினராகி 1871இல் கொண்டுவந்தது வங்கி விடுமுறைச் சட்டம். ஈஸ்டர் திங்கள், விட் திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், கிறிஸ்துமஸ் மறுநாள் ஆகிய நாட்களில் வங்கிகள் மூடப்பட்டன. கடைகளும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. லண்டன் குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் ரயிலேறி ஊர் சுற்றக் கிளம்பினார்கள். நன்றி மறவாதவர்கள் அந்நாட்களைப் புனித லப்பக் திருநாள் என்று கேலியாகக் கொண்டாடினார்கள். ஆகஸ்ட் திங்கள் இப்போது மாதக் கடைசிக்குப் போய்விட்டது. விடுமுறைத் திங்களில் கிரிக்கெட்டும் விளையாட்டு விழாவும் வைக்கிற லண்டன் யாழ்ப்பாணப் பழைய மாணவர் சங்கங்களுக்கும் வழி திறந்துவிட்டவர் அவரே.

இரண்டாவது சட்டத்துக்கு அதிகம் மல்லாட வேண்டியிருந்தது. தனியார் நிலத்தில் அரசு தலையிடுவதா என்ற எதிர்ப்பில் 1873 முதல் மசோதா திரும்பத் திரும்பத் தோற்றது. 1882இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது பட்டியலில் இருந்தவை 68 சின்னங்களே. அவற்றிலும் உரிமையாளர் சம்மதித்தால்தான் பாதுகாப்பு. இந்தியாவுக்கு இதுபோன்ற சட்டம் வைஸ்ராய் கர்சன் காலத்தில், 1904இல் வந்தது.

லப்பக்கின் ஹை எல்ம்ஸ் மாளிகை 1967இல் எரிந்துபோனது. அந்தப் பண்ணை இன்று பொதுப் பூங்கா: பீச் மரக்காடு, சுண்ணாம்புப் புல்வெளி, குழந்தைகள் ஓடும் பாதைகள், ஒரு கோல்ஃப் மைதானம். லண்டனைச் சுற்றி சுமார் 240 கிலோமீட்டர் ஓடும் லூப் நடைபாதை இதன் வழியே போகிறது. தென்மேற்கே, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு வாங்கிய பிக்கின் ஹில் விமானத்தளம். இப்போது அங்கே தனியார் விமானங்கள் இறங்குகின்றன.

நடைபாதையில் மேற்கே போனால் கெஸ்டன். இங்குள்ள ஹோல்வுட் பண்ணை பிரதமர் இளைய பிட்டுக்குச் சொந்தமாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1784ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவர் இவரே. 1787 மே மாதம் இந்தப் பண்ணையின் ஓர் ஓக் மரத்தடியில் பிட்டோடு பேசியபிறகே அடிமை வணிகத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவர நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் உறுதி பூண்டார். மரம் பட்டுப்போய்விட்டது, 1862இல் வைத்த கல்லிருக்கை நிற்கிறது. அடிமை வணிகம் 1807இல் தடையானது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. அடுத்த ஆண்டே மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றத் தொடங்கினார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். கல்லிருக்கை அந்தப் பாதிக்கதையைச் சொல்வதில்லை.

அதே பண்ணைக்குள் சீசர் முகாம் என்ற மண்கோட்டை இருக்கிறது. சீசருக்கும் அதற்கும் தொடர்பில்லை; இரும்புக் காலத்தில் எழுப்பியது. பூங்காவை அழகாக்குவதற்காக அதன் கரைகளில் ஒரு பகுதியைப் பிட் சமப்படுத்திவிட்டார். லப்பக்கின் சட்டம் வர இன்னும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இருந்தது. மிஞ்சிய கரைகள் இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னம்.

கோட்டைக்கு அருகே, சீசர் கிணறு என்ற ஊற்றில் ரேவன்ஸ்போர்ன் ஆறு பிறக்கிறது. கெஸ்டன் குளங்களை நிரப்பிவிட்டு, புரோம்லி, கேட்ஃபோர்டு வழியாக, சிவன் கோவில் இருக்கும் லூயிஷம் நகரைத் தொட்டு, டெப்ட்ஃபோர்டில் தேம்ஸ் நதியில் கலக்கிறது.