மலையில்லா நாட்டின் மலைக்கோட்டை: திருச்சிராப்பள்ளிக் குன்றும் காவிரிப் படுகையும்

தஞ்சை நாட்டில் மலை கிடையாது. வல்லத்து மேட்டையே உயரமென்று சொல்லிக்கொள்ளும் சமவெளி அது. அந்நாட்டுக்கும் ஒரு மலைக்கோட்டை உண்டென்றால் அது படுகையின் தலைமாட்டில் 83 மீட்டர் உயரத்தில் நிற்கும் திருச்சிராப்பள்ளிக் குன்றுதான். மதுரை நாயக்கர் கோட்டை என்றோ, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய களம் என்றோ அதை எழுதுவது வழக்கம். அக்கோட்டையின் பொருளைத் தீர்மானித்தது காவிரியும் அதன் நெல்லுமே என்பது என் வாதம்.

முதல் சான்று குன்றிலேயே இருக்கிறது. தாயுமானவர் சன்னிதியைத் தாண்டி உச்சிப் பிள்ளையாரை நோக்கி ஏறும் வழியில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த லலிதாங்குர பல்லவேசுவரம் உள்ளது. மேற்குச் சுவரில் கங்காதரர்: ஒரு கை சடையைப் பிரித்து நீட்ட, கங்கை அதில் இறங்குகிறாள். அச்சிற்பத்தின் இரு பக்கத் தூண்களிலும் வடமொழிச் செய்யுள்கள். தரையில் கட்டிய கோயிலில் இருந்துகொண்டு சோழரின் விபூதியையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டதாகவும், அதனால் குணபரன், அதாவது மகேந்திரன், இம்மலைக்கோயிலைத் தந்ததாகவும் ஒரு செய்யுள் சொல்கிறது. இங்கே விபூதி திருநீறு அன்று. அதை 'வல்லமை' என்று பெயர்ப்பது வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. மகேந்திரன் காலத்துச் சோழரிடம் பார்த்து வியக்கும்படியான படைபலம் ஏது? அச்சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. ஆற்றின் பெயரோடு சேர்த்து வாசித்தால் அது வயல்வளமே.

இதற்கொரு தடை எழுப்பலாம். குகை தெற்கு நோக்கியது, ஆறு வடக்கே ஓடுகிறது. உள்ளிருக்கும் இறைவன் எதைப் பார்த்தார்? கண்ணால் பார்த்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. இந்நாடு இனி என் பார்வைக்குள் என்று பல்லவன் உரிமை கொண்டாடுகிறான். அவ்வுரிமையைக் கடவுள் வாயில் வைத்துச் சொல்கிறான், அவ்வளவே.

16ஆம் நூற்றாண்டில் மதுரை விசுவநாத நாயக்கர் வல்லத்தைத் தஞ்சை நாயக்கருக்குக் கொடுத்துவிட்டுத் திருச்சியைப் பெற்றார் என்று நாயக்கர் வரலாற்று ஏடுகள் கூறுகின்றன. ஸ்ரீரங்கத்துக்கு வந்த யாத்திரிகரைக் காவிரிக்கரைக் காடுகளில் கள்வர் வழிமறித்ததே காரணமாம். காரணம் எதுவானாலும் தஞ்சைக்கு அது நட்டக் கணக்கு. தலைமாட்டைக் கொடுத்து மேட்டை வாங்கியது.

அந்த நட்டம் முழுதாகத் தெரிந்தது 1751 முதல் 1754 வரை நடந்த முற்றுகையில். கோட்டைக்குள் ஆங்கிலேயர் துணையோடு முகமது அலி. வெளியே அவரோடு ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தார். சந்தா சாகிபைத் தஞ்சைத் தளபதி மனோஜி கொல்வித்தார். பிறகு, தமக்கு வாக்களித்த கோட்டை கைக்கு வராத மைசூர்ப் படை எதிரியாகி, உணவு வரும் வழிகளை மறித்தது. ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் தஞ்சையிலிருந்தும் தொண்டைமான் சீமையிலிருந்தும் அரிசி வண்டிகளைக் காவலோடு கொண்டுவர வேண்டியிருந்தது. பீரங்கியைவிட அரிசியே முற்றுகையை நடத்தியது எனலாம். 1754இல் பிரெஞ்சுக்காரர் கல்லணையை அடுத்த கோவிலடியைப் பிடித்து, காவிரி நீர் கொள்ளிடத்தில் வடிந்துபோகும்படி கரையை வெட்டினார்கள். தஞ்சை மன்னரைப் பணியவைக்கத் தஞ்சைக்கே போக வேண்டியதில்லை, ஆற்றின் தலைப்பில் மண்வெட்டி போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பாவில் ரைன் ஆற்றங்கரைக் குன்றுக்கோட்டைகள் படகுகளிடம் சுங்கம் வாங்கி வாழ்ந்தவை. இங்கே ஆற்று நீரே பணயம்.

இன்று இக்கோட்டையைச் சீரமைக்க வேண்டும் என்றால் எதைச் சீரமைப்பது? மதில்கள் 19ஆம் நூற்றாண்டில் இடிபட்டன. அகழி தூர்ந்து மேலப் புலிவார்டு ரோடு, கீழப் புலிவார்டு ரோடு ஆயிற்று. 'பூல்வார்ட்' ஊர்வாயில் புலியானது தனிக்கதை. மெயின்கார்டு கேட் மிஞ்சியிருக்கிறது, மங்கம்மாள் மகாலில் அருங்காட்சியகம் இருக்கிறது. மதிலைத் திரும்ப எழுப்ப வேண்டாம். குகையின் அந்த இரண்டு தூண்களும் சொல்வதைப் படியேறுகிறவர்கள் தமிழில் வாசிக்க வழிசெய்தால் போதும்.