திண்ணையும் சோபாவும்

அரபு மொழியில் ‘பைத்’ என்னும் சொல்லுக்கு வீடு என்பது முதற்பொருள். கவிதையின் ஓர் அடியையும் அரபுப் புலவர்கள் அச்சொல்லாலேயே அழைத்தனர். நம் இல்லங்களில் இசையோடு ஓதப்படும் பைத்து இந்தப் பொருளில் வந்ததே. அவ்வடியின் இரு பாதிகளுள் ஒவ்வொன்றுக்கும் ‘மிஸ்ரா’ என்று பெயர்; இரட்டைக் கதவின் ஒரு கதவு என்பது அதன் நேர்ப்பொருள். பாட்டை நிறுத்துவது யாப்பு. வீட்டை நிறுத்துவது அதன் அமைப்பு முறை. யாப்பு உறுதியாக இருப்பின் பல மொழிச் சொற்களும் ஒரே பாட்டில் இசைந்து நிற்கும். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் அரபுச் சொற்கள் தமிழ் விருத்தத்துள் அந்நியமாய்த் தோன்றாமைக்குக் காரணம் அதுவே.

வீட்டுக்கும் இது பொருந்துமா? ஒரே கூடத்தில் பல நாட்டுப் பாணிகள் இசைந்திருக்க இயலுமா? இக்கேள்விக்குக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை பல நூற்றாண்டுகளாக விடை கூறி வந்துள்ளது.

வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த துறைமுக நகர் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர் அதற்குப் ‘புதிய துறைமுகம்’ என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்று பெயரிட்டனர். முஸ்லிம்கள் அதனை மஹ்மூது பந்தர் என்றனர். பரங்கியர் வந்திறங்கிய பேட்டை என்று தமிழ் மக்கள் தம் வழக்கில் அழைத்தனர். ஓர் ஊருக்கு மூன்று பெயர். மூன்றும் நெடுங்காலம் வழங்கின. டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் அங்கே பண்டகசாலைகள் வைத்திருந்தனர். வடக்கே கடலூரில், 1690-ஆம் ஆண்டு மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய புனித டேவிட் கோட்டை, 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின் சில ஆண்டுகள் அவர்களின் தலைமையிடமாக விளங்கியது. பரங்கிப்பேட்டை, கடலூர், நாகூர் மரக்காயர்களின் கப்பல்களோ 18-ஆம் நூற்றாண்டில் அச்சைக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் துணி ஏற்றிச் சென்று, அந்நாட்டுப் பண்டங்களோடு திரும்பின. பொருள்களோடு பழக்கங்களும் சொற்களும் கரையேறின.

அதற்குச் சான்று தேடி ஆவணக்களரிக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டிலுள்ள பொருள்களின் பெயர்களைக் கேட்டாலே போதும். ஜன்னல், அலமாரி, மேசை, சாவி ஆகியவை போர்த்துக்கீசியச் சொற்கள். வீட்டைக் கட்டுவிக்கும் மேஸ்திரியின் பட்டமும் அம்மொழியினதே. பங்களா, வங்காளத்தின் பெயரால் வந்தது. ஆனால் திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், கூடம், அடுக்களை என வீட்டின் எலும்புக்கூடாய் நிற்பவை அனைத்தும் தமிழ்ப் பெயர்களே. உள்ளே வந்த பொருள்கள் பல நாட்டுப் பெயர்களோடு வந்தன. அவற்றுக்கு இடமளித்த அமைப்பு தன் பெயரை இழக்கவில்லை.

இவற்றுள் சோபாவின் கதை தனித்துக் கூறத்தக்கது. மேல்நாட்டுப் பொருள் என்று நாம் கருதும் அதன் பெயர், ‘ஸுஃப்பா’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து துருக்கி வழியே ஐரோப்பா சென்றது. ஸுஃப்பா என்பது மேடையிட்ட இருக்கை. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் வறிய தோழர்கள் தங்கிக் கல்வி பயின்ற நிழலிடத்துக்கும் அதுவே பெயர். அவர்களைத் தமிழில் ‘திண்ணைத் தோழர்கள்’ என்று நம் முன்னோர் மொழிபெயர்த்தது எத்துணைப் பொருத்தம்! திண்ணையும் சோபாவும் ஒருவகையில் உறவினரே. உலகைச் சுற்றி வந்த சொல், வாயிலில் இருந்த திண்ணையைக் கடந்து கூடத்துக்குள் அமர்ந்துகொண்டது.

அமைப்பு மாறாது நின்றதற்கு இந்த மண்ணும் வானமும் காரணம். முற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலெழ, நடை வழியே கடற்காற்று உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வாரம் சாரலைத் தடுக்கும். திண்ணை வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் இடமளித்து, வீட்டுப் பெண்டிரின் உள்ளிடத்துக்குக் காப்பாகும். இத்தேவைகளை நிறைவேற்றும் அமைப்பைக் குலைக்காத எந்தப் புதுமையையும் வீடு ஏற்றுக்கொண்டது. பர்மாத் தேக்கு வந்தது, உத்திரமாயிற்று. அதன்மேல் உள்ளூர் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்திட்டு அடுக்கி, செங்கற்சல்லி பரப்பி அடித்து இறுக்கினர். மரம் கடல் கடந்தது; சுண்ணாம்போ நம் கரையின் கிளிஞ்சலை நீற்றியது. இரண்டும் சேர்ந்து ஒரே தளமாயின.

இக்கலப்பைத் தெளிவாகக் காண விரும்புவோர் கடலூருக்கு வடக்கே அடுத்துள்ள புதுச்சேரிக்குச் செல்லலாம். 1761-இல் ஆங்கிலேயர் அந்நகரை இடித்துத் தள்ளினர். 1765 முதல் அது மீண்டும் எழுந்தது. அங்குத் தமிழர் தெருக்களில் பல வீடுகளின் கீழ்த்தளம் தெருத் தாழ்வாரமும் திண்ணையும் முற்றமுமாகத் தமிழ் மரபில் நிற்கும். மேல்தளமோ வளைவுச் சாளரங்களும் சுதைத் தூண்களுமாகப் பிரெஞ்சு முகம் காட்டும். நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில் கீழே மரத்தூண்கள், மேலே காரைத் தூண்கள். முஸ்லிம் தெருக்களின் பழைய வீடுகளிலும் இக்கலப்பு உண்டு. இரண்டு பாணிகளும் ஒன்றையொன்று மறைக்க முயலவில்லை. ஒன்றன்மேல் ஒன்று தன் பணியை அறிந்து நிற்கிறது.

இதனைச் செய்து முடித்தவர்கள் நம் கைவினைஞர்கள். 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் ஐரோப்பியர் விரும்பிய வடிவில் கருங்காலி நாற்காலிகள் செய்தனர். உடலெங்கும் பூவும் கொடியும் தம் மரபுப்படி செதுக்கினர். அவை இங்கிலாந்து சேர்ந்தபோது, ஹோரேஸ் வால்போல் போன்ற அறிஞரே அவற்றைத் தம் நாட்டுப் பழைய டியூடர் மன்னர் காலத்தவை என நம்பிவிட்டார். அத்துணை இயல்பாக இரு மரபுகளும் இழைந்திருந்தன. தெற்கே கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியைப் பாருங்கள். கற்றூண்களும் போதிகைகளும் தமிழ்ச் சிற்பிகளின் கைவண்ணம். உருவங்கள் மட்டும் இல்லை. அவ்விடத்தைப் பூவும் கொடியும் நிரப்பின. கிப்லாவின் திசை மாறாதது, உருவம் கூடாதது. இவ்விரண்டும் மார்க்கத்தின் வரம்பு. எஞ்சியதைச் சிற்பியின் உளி முடிவு செய்தது. வரம்பு தெளிவாக இருந்ததால் கலப்பு அழகாயிற்று.

இன்று நிலைமை வேறு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வருந்தி ஈட்டிய பொருளால் நம் இளைஞர்கள் வீடு கட்டுகின்றனர்; அது மகிழத்தக்கதே. ஆனால் பழைய வீடு இடிக்கப்படும்போது முற்றம் முதலில் மறைகிறது. அதனோடு காற்றும் வெளிச்சமும் போகின்றன. கிரேக்கத் தூண், துருக்கி விளக்கு, இத்தாலியப் பளிங்கு, சீனத்துச் சோபா எல்லாம் ஒரே கூடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் விலையுயர்ந்தது, சேர்ந்து பார்த்தால் கடை போலிருக்கிறது. யாப்பில்லாத இடத்தில் எத்துணை அரிய சொற்களைக் குவித்தாலும் பாட்டாகுமா? மறுபுறம், இடித்த வீடுகளின் கதவுகளும் தூண்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளை அடைந்து, விடுதிகளின் முகப்புக்கு அணியாகின்றன. நாம் வேண்டாமென்று கழித்ததைப் பிறர் விலைகொடுத்து வாங்குகின்றனர்.

புதியது வேண்டாம் என்பது நம் கருத்தன்று. இக்கரையில் எதுவும் ஒரு காலத்தில் புதியதாகவே வந்தது. வீடு கட்ட எண்ணுவோர் முதலில் காற்றின் வழியையும் மழையின் சாய்வையும் குடும்பத்தின் நடமாட்டத்தையும் கருதி அமைப்பை வகுக்கட்டும். இயன்றால் ஒரு சிறு முற்றமேனும், வாயிலில் ஒரு திண்ணையேனும் இருக்கட்டும். ஒரு மரத்தையும் ஒரு நிறத்தையும் வீடெங்கும் தொடரவிட்டால், வெவ்வேறு நாட்டுப் பொருள்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு ஒன்றுபடும். பாட்டனார் விட்டுச்சென்ற கதவு இருப்பின், அதை விற்றுவிடாமல் புதிய வீட்டின் வாயிலில் நிறுத்துங்கள். அதன் இரு கதவுகளும் ஒரு பைத்தின் இரு பாதிகள். அவை திறக்கும் வீட்டில் எந்த நாட்டுச் சோபாவும் உரிமையோடு அமரலாம்.