மைத்துனன் பிடித்த கயிறு

சில வருடங்களுக்கு முன்னால் அலுவலகத்தில் ஒரு எழுத்துருச் சிக்கலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். யூனிகோடு அட்டவணையில் மங்கோலிய எழுத்துகள் இருக்கும் பகுதியைப் பார்த்துக்கொண்டே போனபோது, நடுவில் 'சிபெ' என்ற பெயரோடு சில எழுத்துகள் வந்தன. மேலிருந்து கீழாக எழுதுகிற எழுத்து. யாருடா இவங்க என்று தேடப் போய், அன்று பார்க்கவேண்டிய வேலை மறுநாளுக்குப் போய்விட்டது.

1764இல் சீனாவை ஆண்டது மஞ்சு வம்சம். பேரரசர் சியென்லொங், வடகிழக்கில் ஷென்யாங் பக்கம் இருந்த சிபெ மக்களில் ஆயிரத்துச் சொச்சம் படைவீரர்களைக் குடும்பத்தோடு கிளப்பி, நாட்டின் வடமேற்கு எல்லையான இலி பள்ளத்தாக்குக்குக் காவலுக்கு அனுப்பினார். பாலைவனமும் பனியும் தாண்டி ஒரு வருடத்துக்கும் மேல் நடந்து 1765இல் போய்ச் சேர்ந்தார்கள். புறப்பட்ட நாளை, சந்திர நாட்காட்டியின் நான்காம் மாதம் 18ஆம் தேதியை, இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

கதையின் ருசியே இதற்கு அப்புறம்தான். இன்று சீனாவில் மஞ்சு இனத்தவர் ஒரு கோடிக்கு மேல் இருக்கிறார்கள். மஞ்சு மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் அவர்களில் அநேகமாக இல்லை. ஆண்டவர்களின் மொழி அவர்களிடமே செத்துப்போனது. காவலுக்கு அனுப்பப்பட்ட சிபெக்களிடம் அதன் நெருங்கிய வடிவம் பிழைத்தது. மஞ்சு அரசு விட்டுப்போன ஆவணங்களைப் படிக்க, பெய்ஜிங் ஆவணக் காப்பகத்துக்குச் சிபெக்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

ஏன் அப்படி? பெய்ஜிங்கில் இருந்த மஞ்சுக்களுக்குக் கடைக்குப் போனாலும் கச்சேரிக்குப் போனாலும் சீனமே போதும். இலியில் சிபெக்கள் தனி முகாம்களில் இருந்தார்கள். படை உத்தரவு, கணக்கு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மஞ்சுவில். அங்கே அந்த மொழிக்கு வேலை இருந்தது. வேலை இருந்ததால் உயிரும் இருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது.

எங்கள் ஊர் தூத்துக்குடி. என் பெயருக்குப் பின்னால் பெர்னாண்டோ என்று இருக்கிறது. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "நீங்க கோவாவா?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தமிழ் என்றால் நம்பாமல் பார்ப்பார்கள். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று ஒருத்தர் கேட்டார். "ஏலே மக்கா"ன்னுதான் பேசுவோம் என்றேன்.

பெயர் வந்த கதை 1530களில் தொடங்குகிறது. முத்துக்குளித்துறையில் முத்துச்சலாபம் யார் கையில் என்று பெரிய தகராறு. பரதவர் கொச்சியில் இருந்த போர்த்துக்கீசியரிடம் காப்பு கேட்டுப் போனார்கள். காப்பு கிடைத்தது, கூடவே ஞானஸ்நானமும். சில வருடங்களுக்குள் கரையோரம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். பெர்னாண்டோ, மோத்தா, கோமஸ், வாஸ், ரொட்ரிகோ என்று பெயர்கள் வந்தன. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது, மந்திரங்களைத் தமிழில் பெயர்க்க வைத்து, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். சாமி புதுசு, பெயர் புதுசு. மொழி மட்டும் மாறவில்லை.

மாறாதது மட்டுமில்லை, அந்த மொழி அச்சேறியதும் இந்தக் கரையால்தான். 1554இல் லிஸ்பனில் அச்சான ஒரு சின்ன மந்திரப் புத்தகத்தில் தமிழ் ரோமன் எழுத்தில் இருந்தது. பிறகு அன்றீக்கே அன்றீக்கஸ் என்ற பாதிரியார் இங்கே வந்து தமிழ் படித்தார், இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. மொத்தம் 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. 1586இல் புனிதர்களின் வரலாறு பெரிய புத்தகமாக வந்தது. இதெல்லாம் யாருக்காக? சங்கப் புலவர்களுக்காக அல்ல, கடலுக்குப் போகிற எங்கள் ஆட்களுக்காக. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்களே.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கப் பாதிரியார்களை விரட்டினார்கள், தங்கள் சபைக்கு இழுத்துப் பார்த்தார்கள். பரதவர் அசையவில்லை. மந்திரமும் செபமும் ஏற்கெனவே தமிழில் நாக்கில் ஏறியிருந்தன. பாதிரியார் இல்லாவிட்டாலும் வீட்டில் சொல்லலாம்.

என் தாத்தா ஞானஸ்நானத்தையும் அச்சையும் பற்றி ஒன்றும் பேசமாட்டார். அவர் பேசியது கடலைப் பற்றி. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்புகளில் இளந்தாரியாக முங்கியவர். சிப்பி கிடக்கிற கடல்தரைக்குப் பெயர் பார். ஆழத்தைப் பாகத்தில் அளப்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். காலடியில் கல், இடுப்பில் கயிறு, கூடவே சிப்பி அள்ளுகிற பை. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ மூச்சு. மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் பெரும்பாலும் மைத்துனன்.

"ஏன் தாத்தா மைத்துனன்?"

"தன் அக்கா தங்கச்சி தாலிய அறுக்க எவனாவது கயித்த விடுவானால?"

கரைக்கு வந்த முத்தைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1000. அப்புறம் உருட்டிப் பார்த்து வகை பிரிப்பார்கள். குறையில்லாத உருண்டை ஆணி. கடைசி வகை தூள். நாம் இன்றைக்கும் யாரையாவது பாராட்டும்போது 'ஆணிமுத்து' என்கிறோமே, அது கடற்கரையில் கூலிக்கணக்கு எழுதிய சொல். எடைக்கு மஞ்சாடியும் கழஞ்சும். காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், அதற்கேற்ப ஒரு முடிவு, போகலாமா வேண்டாமா என்று.

1961க்குப் பிறகு பாரில் சிப்பி சேரவில்லை. அரசாங்கம் சலாபம் நடத்தவில்லை. 1973இல் இங்கேயே ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பு முத்து உண்டாக்கினார்கள். நல்ல சாதனைதான். ஆனால் அதற்கு மைத்துனன் தேவைப்படவில்லை.

தாத்தா சாவதற்கு முந்தைய வருடம், விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அவர் சொற்களை எக்ஸெல்லில் ஏற்றினேன். சொல், பொருள், உதாரணம் என்று மூன்று கட்டம். ஒருநாள் தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சு என்னல செய்யப் போற?" என்றார். பதில் இல்லை. இன்றைக்கும் அந்தக் கோப்பு திறக்கிறது, தேடினால் கிடைக்கிறது. ஆனால் கோப்பில் இருக்கிற 'சோழகம்' யாரையும் கரைக்குத் திருப்பி அனுப்பாது. சிபெக்களைப் பற்றிப் படித்தபோது சுருக்கென்று தைத்தது இதுதான். அவர்களுடைய எழுத்து யூனிகோடில் பத்திரமாக இருக்கிறது. அதனாலேயே அந்த மொழி பிழைத்துவிடுமா என்ன? காவலும் கணக்கும் போய், இலியிலும் பிள்ளைகள் இன்று சீனத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாதம் என் சித்தி மகனுக்கு போன் செய்தேன். அவன் சங்குகுளிக்குப் போகிறவன். இப்போது கல் கிடையாது. வள்ளத்தில் இருக்கிற கம்ப்ரசரிலிருந்து ரப்பர் குழாய் வழியாக வாயில் காற்று வருகிறது. ஒரு நிமிடம் இல்லை, மணிக்கணக்கில் கீழே இருக்கலாம். அதனாலேயே ஆபத்தும் கூட. மேலே வரும்போது அவசரப்பட்டால் கை கால் விழுந்துபோகும், ஆளே போனதும் உண்டு.

"இன்னைக்கு எத்தனை பாகம்?" என்று கேட்டேன்.

"எட்டு. தண்ணி கலங்கல், கச்சான் அடிக்கி. ஒண்ணும் சரியா தெரியல."

அளந்து பேசுகிறான், காற்றுக்குப் பெயர் சொல்கிறான். என் கோப்பில் கிடக்கிற இரண்டு சொல் அவன் வாயில் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"மேல குழாயப் பாத்துக்கிறது யாருல?"

"வேற யாரு, மச்சான்தான்."