அன்புள்ள கைகளுக்குப் பயிற்சியும் வேண்டும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாளைப் புதுக்கோட்டை மாவட்ட மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். நள்ளிரவு கடந்த வேளையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறிய 'கஜா' புயல், விடியுமுன் நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைப் புரட்டிப்போட்டது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரங்களில் தலைமுறைகள் வளர்த்த தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன.

விடிந்தபோது அரிவாளும் கோடரியும் ஏந்தி இளைஞர்கள் வீதியில் இறங்கினர். எவரும் அழைக்கவில்லை, தாமே வந்தனர். அந்த அன்பைக் குறைகூற யாருக்கும் நா எழாது. ஆயினும் நம் மனத்தை உறுத்தும் வினா ஒன்று உண்டு. சாய்ந்த மரத்தடியில் கிடக்கும் மின்கம்பியை எப்படி அணுகுவது என்று நம்முள் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? ஊருக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தாலும், எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து அக்கம்பிக்குள் மின்சாரம் பாயக்கூடும் என்பதை எத்தனை பேர் அறிந்திருந்தோம்? முதுகெலும்பில் அடிபட்டவரை அவசரமாகத் தூக்கினால் அவர் வாழ்நாள் முழுவதும் முடங்கிப்போகலாம் என்பதை யார் நமக்குச் சொல்லித் தந்தார்? அன்பு நிறைய இருந்தது, பயிற்சிதான் இல்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்தோமா? வரலாறு வேறு கதை சொல்கிறது.

கண்மாய்க் கரையில் ஒரு கல்வி

வற்றாத ஆறு இல்லாத புதுக்கோட்டைச் சீமையை வாழவைத்தவை ஆயிரக்கணக்கான கண்மாய்களே. ஒரு கண்மாயின் உபரிநீர் அடுத்ததற்குச் செல்லும்படி அவை சங்கிலிபோல் அமைந்தவை. ஆதலால் மேலே ஒரு கரை உடைந்தால், கீழேயுள்ள கரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடையும் ஆபத்து உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கண்மாயைக் காப்பது பல ஊர்களின் உயிரைக் காப்பதாகும்.

நம் கண்மாய்களின் நீர்ப்பரப்பில் இரட்டைக் கல்தூண்களாக நிற்கும் குமிழிகளை இன்றும் காணலாம். பெருகிவரும் நீரில் மூழ்கி அந்தக் குமிழியின் அடைப்பைத் திறப்பதற்கு மூச்சடக்கமும் நீரோட்டத்தின் போக்கறியும் அறிவும் வேண்டும். கரையில் கசிவு கண்டால் முளையடித்து, வைக்கோலும் ஓலையும் இட்டு, களிமண் கொட்டி மிதித்து அடைக்க வேண்டும். இரவில் கரைக்காவல் இருக்க வேண்டும். இவற்றை எந்தப் புத்தகமும் கற்பிக்கவில்லை. மூத்தோர் செய்வதைக் கண்டு இளையோர் கற்றனர். 'குடிமராமத்து' என்ற பெயரில் ஊரே கூடிக் கரையைச் செப்பனிட்ட பழக்கம், ஆண்டுதோறும் நடந்த ஒரு பயிற்சி முகாமாகவும் விளங்கியது எனலாம்.

சமஸ்தான எல்லைக்கு வெளியே, அறந்தாங்கி உள்ளிட்ட அன்றைய தஞ்சை மாவட்டம் சென்னை மாகாண ஆட்சியில் இருந்தது. வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊராரை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான மராமத்துக் கடமையைச் செய்யவைக்கவும் அம்மாகாணத்தில் 1858இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது.

அப்பழைய நாள்களை நாம் பொற்காலமாகப் போற்ற வேண்டியதில்லை. இரவில் காவல் காத்ததும், நீரில் மூழ்கியதும் பெரும்பாலும் ஏழை எளியவரே. பல ஊர்களில் அவ்வேலை பிறப்பின் பெயரால் சிலர்மீது சுமத்தப்பட்டது. அந்தக் கட்டாயம் ஒழிந்தது நன்றே. ஆனால் கட்டாயத்தோடு கலையும் போயிற்று. விடுதலைக்குப் பின் பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் உரியவையாயின. 'அரசு பார்த்துக்கொள்ளும்' என்று நாம் கரையை விட்டு இறங்கிவிட்டோம்.

கடல் தந்த எச்சரிக்கைகள்

1955 நவம்பர் இறுதியில், நம் கடற்கரைக்கு அண்மையிலுள்ள இராஜாமடம் அருகே புயல் கரையேறியபோது கடலே ஊருக்குள் புகுந்தது. 1977 நவம்பர் 12இல் நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயல் தமிழகத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. நம் மாவட்டத்தில் மாண்டோர் 15 பேர் என்பது அரசுக் கணக்கு. இலங்கைத் தீவு நமக்கு அரணாக நின்றதே இதற்குக் காரணம். நம் ஆயத்தம் அன்று. அடுத்த ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவாயிற்று. அரக்கோணத்தில் அதன் ஓர் அணி நிலைகொண்டுள்ளது. ஆனால் எந்தப் படை எவ்வளவு விரைந்து வந்தாலும், இடிபாட்டில் சிக்கியவரின் முதல் மணி நேரம் அண்டை வீட்டாரின் கையில்தான் இருக்கிறது.

வங்கத்தின் பாடம்

இதனை ஏழை நாடான வங்கதேசம் நமக்கு முன்பே உணர்ந்தது. 1970 நவம்பரில் அங்கு வீசிய புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் 1970களின் தொடக்கத்திலேயே செஞ்சிலுவைச் சங்கமும் அரசும் சேர்ந்து கடலோரச் சிற்றூர்தோறும் தொண்டர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கின. கொடியேற்றி எச்சரிப்பது, ஒலிபெருக்கியோடு வீடுவீடாகச் செல்வது, முதியோரைப் புகலிடம் சேர்ப்பது, முதலுதவி அளிப்பது எனத் தொண்டர்களிடையே பணிகள் பகிரப்பட்டன. 1991 புயலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவருள் பெண்களே மிகுதி. அப்பாடத்தையும் அவர்கள் வீணாக்கவில்லை. இன்று அங்குள்ள எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள். 2020இல் 'அம்பன்' புயல் வந்தபோது இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே இடம்பெயர்ந்தனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. வானிலை அறிவியலுக்கும் புகலிடக் கட்டடங்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆயினும் கதவைத் தட்டி அழைத்தது, அவ்வூர் மக்கள் அறிந்து நம்பிய ஒரு முகம்.

நம்மால் இயலாதா?

இயலும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. 1991இல் இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றி மாலைதோறும் எழுத்துக் கற்பித்தனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளிக்க, கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி விழாக்களில் பங்கேற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். ஒரு மாவட்டமே கூடி ஒரு திறனைக் கற்க முடியும் என்று காட்டியவர்கள் நம் தாய்மாரும் அக்காமாரும் அல்லரோ!

2016இல் மைய அரசு தொடங்கிய 'ஆப்த மித்ரா' திட்டம் தொண்டர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி அளிக்க வழிவகுத்தது. நன்று. ஆனால் ஒருமுறை கற்று உறையிலிட்ட வாள் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் ஊரே கூடி ஒரு நாள் ஒத்திகை செய்தால் என்ன? தனித்திருக்கும் முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி, நடக்க இயலாதவர் யார் யார் என்ற பட்டியல் நம் கையில் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம்? மரம் அறுக்கும் இயந்திரத்தை முறையாக இயக்கத் தெரிந்தவர் எவர்? மூடி இறுகிய காலிக் கேன்களைக் கயிற்றால் பிணைத்து மிதவை செய்யவும், பாம்பு கடித்தவருக்குக் கடிவாயைக் கீறாமல் உடனே மருத்துவமனை சேர்க்கவும் நம் பிள்ளைகள் அறிவார்களா? இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை; ஒரு ஞாயிறு மாலை போதும்.

அன்று கண்மாய்க் கரையில் விளக்கோடு நின்றவருக்குக் கடமை கட்டாயமாக வந்தது. இன்று அது நாம் விரும்பி ஏற்கும் தொண்டாக, ஆண் பெண் என்றும் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்றும் பாராமல் எல்லாரும் பகிரும் தொண்டாக வர வேண்டும். கரை உடைந்த பின் களிமண் தேடுவோர் ஊரைக் காத்ததில்லை. அடுத்த புயலுக்கு வானிலை நிலையம் பெயரும் நாளும் சொல்லும். அந்நாளில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப்போகும் கை நம்முடையதே. அது பழகிய கையாக இருக்கட்டும்.