பலேர்மோ: நாலு மொழியில் ஒரு கல்லறைக் கல்

பலேர்மோ எண்டால் எங்களில் கனபேருக்கு முதலில் ஞாபகம் வாறது மாஃபியாப் படங்கள், இல்லையெண்டால் இத்தாலிக்குப் போன சொந்தக்காரர். சிசிலித் தீவின் இந்தத் துறைமுக நகரத்துக்கு அதைவிடப் பழைய கதையொன்று இருக்கு.

பினீசியர்கள் தொடக்கிய நகரம் இது. கிரேக்கர்கள் 'பனோர்மோஸ்' என்று அழைத்தார்கள். முழுவதும் துறைமுகம் என்று அர்த்தம். 831இல் வட ஆபிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படைகள் நகரைக் கைப்பற்றின. 'பலர்ம்' என்ற பெயரில் அது தீவின் தலைநகராக வளர்ந்தது. 1072இல் நோர்மன்கள் அதைப் பிடித்தார்கள்.

வென்றவர்கள் பழையதையெல்லாம் அழித்துவிடவில்லை. 1130இல் முடிசூடிய இரண்டாம் ரொஜரின் அரசாங்கம் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் எழுதியது. அவருடைய அரண்மனைத் தேவாலயத்தின் சுவர்களில் பைசாந்திய மொசைக் ஓவியங்கள். கூரையோ அரபுப் பாணி மரவேலை. 1149இல் ஒரு பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு வைத்த கல்லறைக் கல்லில் லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என நாலு வாசகங்கள் இருக்கு. ஒவ்வொன்றிலும் தேதி அந்தந்தச் சமூகத்தின் ஆண்டுக்கணக்கில்.

1154இல் ரொஜருக்காக அல்-இத்ரீசி உலகப் புவியியல் நூலொன்றை முடித்தார். அதன் வரைபடங்களில் தெற்கு மேலே இருக்கும். எங்கட தீவும் அதில் 'சரந்தீப்' என்ற பெயரில் இருக்கு. அதன் அரசனுக்குப் பதினாறு ஆலோசகர்கள்: நாலு பேர் அவன் சமயத்தவர், மற்றவர்கள் கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் என நாலு நாலு பேர் என்று எழுதுகிறார். இதை இலங்கை வரலாற்றுக்கான சான்றாக எடுப்பதைவிட, பலேர்மோ அரசவையில் இருந்த ஒருவருக்கு எது எழுதிவைக்க வேண்டிய செய்தியாகப் பட்டது என்று பார்ப்பதுதான் எங்களுக்குச் சுவாரசியம்.

அதுக்காக அந்தக் காலத்தைச் சொர்க்கமாக்கவும் தேவையில்லை. அரபு தெரிந்த அதிகாரிகள் இல்லாமல் நோர்மன்களால் வரிக்கணக்குப் பார்த்திருக்க ஏலாது. தேவை இருந்தது, மதிப்பும் இருந்தது. ஆனால் பாதுகாப்பு முழுக்க அரசனின் கையில். 1161இல் அரசனுக்கு எதிராகக் கலகம் வெடித்தபோது நகரத்து முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1189இல் இரண்டாம் வில்லியம் வாரிசில்லாமல் இறந்ததும் மறுபடி தாக்குதல். தப்பினவர்கள் மலைகளுக்கு ஓடினார்கள். 1220களிலிருந்து இரண்டாம் பிரெடெரிக் சிசிலி முஸ்லிம்களைத் தீவிலிருந்து பெயர்த்து, தென் இத்தாலியின் லுச்சேராவில் குடியேற்றினார். 1492 ஆணையோடு யூதர்களும் வெளியேற்றப்பட்டார்கள். கல்லில் நாலு வாசகம் மிஞ்சியது. அதை வாசிக்கக்கூடிய சனம் மிஞ்சவில்லை.

சொற்கள் மட்டும் தங்கிவிட்டன. பழைய நகரத்தின் பெருந்தெருவை இப்பவும் 'கசாரோ' என்பார்கள். கோட்டையைக் குறிக்கும் அரபுச் சொல் 'கஸ்ர்' அது. தோடம்பூவுக்குச் சிசிலியில் சொல்லும் 'ஸாகரா'வும் அரபுதான்.

இன்றைக்கு இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் அங்கே வாழுகினம். 1624இன் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் எனக் கொண்டாடப்படும் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரீனோ மலையேறிப் போகிறவர்களில் எங்கட சைவச் சனமும் உண்டு. நகரமும் இதைப் பெருமையாகச் சொல்லுது. சந்தோசம்தான். ஆனால் பலேர்மோவின் வரலாறு சொல்லித்தாறது இதுதான்: விருப்பத்தில் கிடைக்கிற இடம் விருப்பம் மாறினால் போய்விடும். ரசிக்கப்படுவதும் உரிமையோடு இருப்பதும் ஒன்றில்லை.