சுரப்பைத் தடுத்த மருந்துகள்

இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறி அதன் உட்சுவரைப் புண்ணாக்கும் எதுக்களிப்பு நோய்க்கு, 1970களின் நடுப்பகுதி வரை, மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருந்தவை சோடா உப்பு, அலுமினிய ஹைட்ராக்சைடு முதலிய அமில முறிவுப் பொருள்களே. அவை சுரந்துவிட்ட அமிலத்தை மட்டும் செயலிழக்கச் செய்து, சிறிது நேரத்திலேயே இரைப்பையை விட்டு நீங்கிவிட, சுரப்பிகளோ தம் வேலையைத் தொடர்ந்தன. இரைப்பைச் சாற்றிலுள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பிரவுட் 1824இல் எழுதியிருந்தும், அச்சாறே உணவுக்குழாய் அழற்சிக்குக் காரணமாகலாம் என்பதை நியூயார்க்கைச் சேர்ந்த ஆஷர் விங்கல்ஸ்டீன் 1935இல்தான் எடுத்துரைத்தார்.

சுரப்பையே தடுக்கும் முயற்சி இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில், ஸ்மித் கிளைன் அண்ட் பிரெஞ்ச் நிறுவனத்தின் ஆய்வகத்தில், 1964இல் ஜேம்ஸ் பிளாக் தலைமையில் தொடங்கிற்று. ஹிஸ்டமின் என்னும் உடல் வேதிப்பொருள் அமிலச் சுரப்பைத் தூண்டும் என்பது அப்போது தெரிந்திருந்தது. ஆனால் ஒவ்வாமைக்குக் கொடுக்கப்பட்ட ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் அச்சுரப்பைச் சிறிதும் குறைக்கவில்லை. இந்த முரண்பாட்டிலிருந்தே, ஹிஸ்டமினை ஏற்கும் வேறொரு வகை ஏற்பி இரைப்பையில் இருக்க வேண்டும் என்று பிளாக் ஊகித்தார். ஏற்பி என்பது வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் உயிரணு அமைப்பாகும். இரைப்பையின் ஏற்பியை அடைக்கும், 1972இல் வெளியான புரிமமைடு என்னும் சேர்மம் அந்த ஊகத்தை மெய்ப்பித்தது; ஆயினும் வாய்வழி கொடுத்தால் அது போதிய அளவு உடலில் சேரவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு நன்கு வேலை செய்தபோதிலும், நோயாளிகள் சிலருக்கு இரத்த வெள்ளணுக்களைக் குறைத்தது. அந்தத் தீங்குக்குக் காரணமாகக் கருதப்பட்ட தயோயூரியாத் தொகுதியை நீக்கி அமைத்த சிமெட்டிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இரண்டு சேர்மங்கள் கைவிட்டபின்னும் பணியைத் தொடர்ந்த அந்தக் குழுவின் பொறுமை, 1988இல் பிளாக்குக்குக் கிடைத்த நோபல் பரிசைவிடவும் பெரிதாக மதிக்கத்தக்கது. அதே ஏற்பியை அடைக்கும், கிளாக்சோ நிறுவனத்தின் ரானிட்டிடின் 1981இல் வெளிவந்தது. பல பத்தாண்டுகள் உலகெங்கும் வழங்கிய அம்மருந்தில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய என்டிஎம்ஏ என்னும் மாசு காணப்பட்டதால், 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்தது.

ஏற்பியை அடைத்தாலும் காஸ்ட்ரின் முதலிய பிற தூண்டல்கள் எஞ்சி நின்றன. எந்தத் தூண்டலானாலும் அது இறுதியில் இயக்குவது அமிலத்தை வெளித்தள்ளும் புரோட்டான் பம்பு என்னும் புரதத்தையே. ஸ்வீடனின் மோல்ண்டாலில் இருந்த ஹெஸ்லே நிறுவனம் அதை நிறுத்தும் ஒமெப்ரசோலை 1979இல் உருவாக்கிற்று. மிகுந்த அளவில் நெடுநாள் மருந்தூட்டிய எலிகளின் இரைப்பையில் கட்டிகள் தோன்றியமையால் 1984இல் மனிதச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. அமிலம் நீடித்து அடங்கியதால் மிகுந்த காஸ்ட்ரினே அதற்குக் காரணம், மருந்தின் நச்சுத்தன்மை அன்று என்று பின்னர் விளங்கியதும் அவை தொடர்ந்தன. 1988இல் லோசெக் என்ற பெயரில் மருந்து வெளிவந்தது.

ஒமெப்ரசோலும் அதன் வழிவந்த பான்டோப்ரசோல் முதலியனவும் இரத்தத்தின் வழியே சுரப்பணுவை அடைந்து, அங்குள்ள அமிலத்தாலேயே செயலூக்கம் பெற்று, இயங்கிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே பிணைக்கின்றன. உணவு அந்தப் பம்புகளை இயக்கும் வேளையில் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும் என்பதாலேயே, காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பே அதை விழுங்குமாறு மருத்துவர் எழுதித் தருகிறார். இவ்வளவு ஆற்றல் பெற்றும் இம்மாத்திரைகள் உணவுக்குழாயின் அடியில் தளர்ந்துபோன சுருக்குத்தசையை இறுக்குவதில்லை. எதுக்களிப்பு தொடர்கிறது, மேலேறும் நீரின் அமிலத்தன்மை மட்டுமே குறைகிறது. ஆகவே, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும், ருடால்ஃப் நிஸ்ஸன் 1956இல் வெளியிட்ட அறுவை முறை, மாத்திரையால் கட்டுப்படாத சில நோயாளிகளுக்கு இன்றும் செய்யப்படுகிறது.